இருளில் காத்திருப்போர்



ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 13, 14 தேதிகளையொட்டிய இரவுகளில் ஜெமினிட் எரிகற்பொழிவு உச்சம் அடைகிறது. அவ்வொளிக்கீற்றுகள் மிதுன விண்மீன் கூட்டத்திலிருந்து புறப்படுவனபோல் தோன்றும். எரிநட்சத்திரம் என்று நாம் சொன்னாலும், விழுவது நட்சத்திரம் அன்று. சிறு துகள்கள் நொடிக்கு ஏறத்தாழ 35 கிலோமீட்டர் வேகத்தில் வளிமண்டலத்தினுள் பாய்ந்து எரிகின்றன.

சில ஆண்டுகளுக்கு முன், மழை ஓய்ந்த நிலவற்ற ஓர் இரவில், மொட்டைமாடியில் பாய் விரித்துப் படுத்து இதனைக் கண்டேன். கண்கள் இருளுக்குப் பழகவே இருபது, முப்பது நிமிடங்கள் ஆகும். பின்பும் பத்து நிமிடங்கள் ஒன்றுமில்லை; திடீரென அடுத்தடுத்து இரண்டு. பொழிவு உச்சமடையும் இரவைக் கணித்துவிடலாம். அடுத்த கீற்று எந்நொடியில், எத்திசையில் தோன்றும் என்று எவராலும் சொல்ல இயலாது.

அவ்விருளில் நம் சபைத் தாய் ஒருவரை நினைத்தேன். வீட்டைவிட்டுச் சென்ற மகனுக்காக ஆண்டுக்கணக்கில் மன்றாடி வருபவர். "ஐயா, ஆண்டவர் கேட்கிறாரா?" என்று அவ்வாரந்தான் என்னிடம் கேட்டிருந்தார். அவர் அனுமதியுடனே இதை எழுதுகிறேன். மகன் இன்றும் திரும்பவில்லை.

1862 முதல் மக்கள் இப்பொழிவைக் குறித்து வைத்துள்ளனர். ஆனால் அத்துகள்களின் பிறப்பிடமான ஃபேத்தான் என்னும் சிறுகோள் 1983இல்தான் கண்டறியப்பட்டது. நூற்றிருபது ஆண்டுகள், எங்கிருந்து வருகிறது என்று அறியாமலே மனிதர் அவ்வொளியைக் கண்டனர். நமக்கு விளங்காததால் அது வராமற் போகவில்லை.

ஆபிரகாம் அழைப்பைப் பெற்றபோது அவருக்கு வயது 75. ஈசாக்கு பிறந்தபோது 100. இடையில் ஓர் இரவு, ஆண்டவர் அவரை வெளியே அழைத்து வானத்தைக் காட்டினார். வாக்கை உறுதிப்படுத்தினார்; நாளைக் குறிக்கவில்லை. திருவருகைக் காலத்தில் நாமும் அவ்வாறே காத்திருக்கிறோம்.

எரிகற்பொழிவைக் காண்போர் ஒன்றை அறிவர்: வானம் முழுவதும் ஒருவர் கண்ணுக்குள் அடங்காது. ஒருவர் தவறவிட்டதை அருகிலிருப்பவர் கண்டு, "அதோ!" என்பார். சபையாக நாம் கூடுவதும் இதற்காகவே. ஒருவர் கண்கள் சோரும்போது மற்றவர் விழித்திருக்கிறார்.

இவ்வாரம், நெடுங்காலமாகக் காத்திருக்கும் ஒருவரின் இல்லத்திற்குச் செல்லுங்கள். விளக்கங்கள் வேண்டாம்; அருகில் அமர்ந்திருங்கள். காத்திருப்போரை ஆண்டவர் தாமே திடப்படுத்துவாராக. ஆமென்.