ஓர் எழுத்துதான் வித்தியாசம்... மாமாவின் முந்திரி வியாபாரத்துக்கு வந்த சோதனை!

விக்கிரமங்கலம் என்று சொன்னால், "மதுரைப் பக்கமா?" என்றுதான் பலரும் கேட்பார்கள். உசிலம்பட்டிப் பக்கம் ஒரு விக்கிரமங்கலம் இருக்கிறது. எங்களுடையது அரியலூர் மாவட்டத்து விக்கிரமங்கலம். ஒரே பெயரில் இரண்டு ஊர் இருப்பதால் யாருக்கும் நஷ்டமில்லை. தபாலுக்குப் பின்கோடு இருக்கிறது. பஸ் ஏறுபவருக்கு வழிசொல்லக் கண்டக்டர் இருக்கிறார். இணையத்தில் அப்படி இல்லை. அங்கே ஒரு முகவரி உலகம் முழுக்க ஒருவருக்குத்தான். ஆனால், அதிலேயே ஓர் எழுத்தைக் கூட்டிப்போட்டால் அது வேறு முகவரி. சில நூறு ரூபாய் கட்டி யார் வேண்டுமானாலும் வாங்கிவிடலாம்.

என் தாய்மாமாவுக்கு அதுதான் நடந்தது. ஆண்டிமடம், செந்துறைப் பக்கத்துக் கொல்லைகளில் முந்திரிக்கொட்டை வாங்கி, உடைத்து, தரம் பிரித்து விற்பவர் அவர். மகள் அமைத்துக்கொடுத்த இணையதளம் மூலமாகவும் சில வருடங்களாக ஆர்டர் வருகிறது. போன தீபாவளிக்கு முன்பு, கும்பகோணத்திலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் போன் செய்தார். மாமாவின் பழைய வாடிக்கையாளர். "ஏன் தம்பி, முழுப்பருப்புன்னு காசை வாங்கிட்டு உடைசலை அனுப்பியிருக்கீங்களே, நியாயமா?" என்றார். மாமா நோட்டைப் புரட்டினார். அப்படியோர் ஆர்டரே இல்லை.

அந்தம்மா அனுப்பிய லிங்க்கை மாமா எனக்கு அனுப்பினார். அதே நிறம், அதே மாதிரி படங்கள், பெயரில் ஓர் எழுத்து மட்டும் கூடுதல். இதே தொழிலில் இருக்கும் வேறொரு வியாபாரியின் தளம் அது. பணத்தை வாங்கிக்கொண்டு ஓடிப்போகும் கும்பல் என்றால் 1930 எண்ணுக்குப் புகார் சொல்லலாம். இவர் சரக்கு அனுப்புகிறார். ஆனால், மாமாவின் பெயரில் இருக்கும் நம்பிக்கையை வைத்து அனுப்புகிறார்.

மாமா அன்றைக்கே ஒரு கிலோ முழுப்பருப்பைத் தன் செலவில் கும்பகோணத்துக்கு பார்சல் போட்டார். "நாமதான் அனுப்பலையே மாமா?" என்றேன். "நம்ம பேரை நம்பித்தானே மாப்ள அவங்க ஏமாந்தாங்க?" என்றார்.

டிஜிட்டல் டெஸ்க்கில் வேலை பார்ப்பவனுக்குத் தேடுவதுதானே தொழில்? தேடியதில் நம் சென்னை நிறுவனத்தின் வழக்கே கிடைத்தது. ஊருக்கு ஊர் 'ஐ-வே' பிரவுசிங் சென்டர் நடத்திய சிஃபியை நினைவிருக்கிறதா? சத்யம் இன்ஃபோவே என்ற பெயரைச் சுருக்கி உருவாக்கிய சொல் அது. 1999-லேயே அந்தப் பெயரில் முகவரிகளைப் பதிந்துவிட்டார்கள். 2001-ல் இன்னொரு நிறுவனம் ஓர் 'எஃப்' கூடுதலாகச் சேர்த்து 'சிஃபிநெட்' என்று முகவரி வாங்கியது. கேட்டதற்கு, "எங்கள் ஐந்து நிறுவனர்களின் முதல் எழுத்துகளைச் சேர்த்து வைத்த பெயர்" என்றார்கள்.

பெங்களூரு சிட்டி சிவில் நீதிமன்றம் தடை கொடுத்தது. கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2004 மே 6-ம் தேதி, நீதிபதிகள் ரூமா பால், வெங்கடராம ரெட்டி அமர்வு அந்தத் தடையை மீண்டும் கொண்டுவந்தது. பெயருக்குச் சொன்ன காரணத்தை உச்ச நீதிமன்றம் நம்பவில்லை. இணைய முகவரி என்பது வெறும் முகவரி இல்லை, வியாபாரத்தின் அடையாளம். தனிச்சட்டம் இல்லாவிட்டாலும், தன் சரக்கை அடுத்தவர் சரக்குபோல விற்பதைத் தடுக்கும் 'பாஸிங் ஆஃப்' விதி இதற்கும் பொருந்தும் என்பது தீர்ப்பின் சாரம்.

கேட்டதும் மாமாவுக்கு உற்சாகம். அரியலூர் வக்கீல்தான் நிதானப்படுத்தினார். "சிஃபி ஜெயிச்சதுக்குக் காரணம், அந்தப் பேரை ஜனங்க அறிவாங்கன்னு ஆதாரத்தோட காட்டினதுதான். உங்ககிட்ட என்ன இருக்கு?" என்றார். மாமா வீட்டுப் பரணிலிருந்து தகரப்பெட்டி இறங்கியது. பழைய பில் புத்தகங்கள், கூரியர் ரசீதுகள், கடைப் பெயர் அச்சடித்த பைகள். குப்பை என்று அத்தை தூக்கிப்போடச் சொன்னவைதான் இப்போது சாட்சி.

வழிகள் இன்னும் உண்டு. 'டாட் இன்' முகவரி என்றால் நிக்ஸி அமைப்பின் நடுவரிடம் போகலாம். 'டாட் காம்' என்றால் ஜெனீவாவில் இருக்கும் வைப்போ அமைப்பிடம் முறையிடலாம். ஜெயித்தால் முகவரி நம் கைக்கு வரும், நஷ்டஈடு வராது. வைப்போவில் ஒரு நடுவருக்கான கட்டணமே 1,500 டாலர். முந்திரி வியாபாரிக்கு அது ஒரு சீசன் லாபத்தையே கடித்துவிடும். அதனால் முதலில் வக்கீல் நோட்டீஸ். கூடவே டிரேட்மார்க் விண்ணப்பம். தனிநபர் ஆன்லைனில் போட்டால் ஒரு பிரிவுக்கு 4,500 ரூபாய்.

நோட்டீஸ் போன பிறகு எதிர்த் தளத்தில் நிறமும் படங்களும் மாறின. அந்தக் கூடுதல் எழுத்து மட்டும் இன்னும் அப்படியே இருக்கிறது. பேச்சு நடந்துகொண்டிருக்கிறது.

மாமா காத்திருக்கவில்லை. நோட்டில் இருந்த வாடிக்கையாளர்களுக்கு ஒவ்வொருவராக போன் செய்தார். "பேரை எழுத்துக்கூட்டிப் படிச்சிட்டு ஆர்டர் போடுங்க. சந்தேகம்னா இந்த நம்பருக்குக் கூப்பிடுங்க" என்றார். வேறு யாரும் வாங்கும் முன் 'டாட் இன்' முகவரியையும் மகள் வாங்கிவிட்டாள்.

உங்கள் வீட்டிலும் யாராவது ஊறுகாயோ, சேலையோ, செக்கு எண்ணெயோ ஆன்லைனில் விற்கிறார்களா? பழைய பில்களைத் தூக்கிப்போட வேண்டாம் என்று இன்றைக்கே சொல்லிவையுங்கள். வாங்குபவர் என்றால், பணம் கட்டும் முன் முகவரியை ஒருமுறை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். கும்பகோணத்து அம்மா இப்போது கண்ணாடி போட்டுக்கொண்டுதான் ஆர்டர் போடுகிறாராம்!