மாடு நீந்திய கடல்

ஜூன் 9, வாட்டர்சே

ஓபனில் ஏறிய கப்பல் பாரா தீவின் காஸில்பேயில் இறக்கிவிட ஏறக்குறைய 5 மணி நேரம் ஆனது. அங்கிருந்து சைக்கிளில் நேரே வாட்டர்சே. ஸ்காட்லாந்தின் ஹெப்ரிடியன் வழி என்ற சைக்கிள் பாதை தொடங்குவது இந்தச் சின்னத் தீவில்தான். 297 கிலோமீட்டர், 10 தீவுகள். முடிவது லூயிஸ் தீவின் வடமுனைக் கலங்கரை விளக்கத்தில். நடுவில் இரண்டு இடங்களில்தான் கப்பல். கடல் குறுக்கிடும் மற்ற இடங்களில் கல் கொட்டிச் சாலை போட்டிருக்கிறார்கள்.

அப்படி ஒரு சாலை வழியாகத்தான் இன்று வந்தேன். கடக்க ஒரு நிமிடம் ஆகியிருக்கும். முன்பு விற்கப்போகும் மாடுகளை இந்தக் கடலில் நீந்தவைத்துத்தான் எதிர்க்கரையான பாராவுக்குக் கொண்டுபோனார்கள். 1986இல் பெர்னி என்ற பொலிகாளை அப்படிப் போகும்போது மூழ்கிச் செத்தது. தீவுக்காரர்கள் சாலை கேட்டுக்கொண்டிருந்த குரலுக்கு அந்தச் சாவு வலுச் சேர்த்தது. 1991இல் சாலை வந்தது.

இரவு 10 மணி. விளக்கில்லாமல் எழுதுகிறேன். கூடாரத்துக்குக் கீழே வெண்மணலில் மாடுகள் படுத்து அசைபோடுகின்றன.

ஜூன் 11, தெற்கு யூயிஸ்ட்

இங்கே காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வீசும். அதனால்தான் பலரும் தெற்கிலிருந்து வடக்கே போகிறார்கள். இன்று அது திரும்பிவிட்டது. சமதரையில் மலையேற்றத்துக்கான கியர். ஹேண்டிலில் குனிந்தபடியே 40 கிலோமீட்டர். மதியம் முடியாமல் இறங்கி உட்கார்ந்தேன். அப்போதுதான் மேக்கரைச் சரியாகப் பார்த்தேன். சிப்பித்தூள் மணலைக் கடற்காற்று கரையேற்றி உண்டாக்கிய புல்வெளி. மஞ்சளும் வெள்ளையுமாகப் பூ. சீப்புப் பல்லை நகத்தால் இழுப்பதுபோல் ஒரு குரல்: புல்லுக்குள் கார்ன்கிரேக். நெடுநேரம் காத்திருந்தும் பறவை கண்ணில் படவில்லை. எதிர்க்காற்று இல்லையென்றால் இந்த இடத்தைத் தாண்டிப் போயிருப்பேன்.

ஜூன் 12, வடக்கு யூயிஸ்ட்

பென்பெக்யுலாவையும் வடக்கு யூயிஸ்ட்டையும் இணைக்கும் சாலை நீளமானது, ஏறக்குறைய 8 கிலோமீட்டர். 1960இல் திறந்தார்கள். அதற்கு முன் கடல் வற்றும் நேரம் பார்த்து ஈரமணலில் நடந்தோ குதிரை வண்டியிலோ கடக்க வேண்டும். மணலுக்குள் ஓடும் நீர்த்தடங்கள் இடம் மாறிக்கொண்டே இருக்கும். வழி தெரிந்தவர் துணை வேண்டும். தாமதித்தால் கடல் திரும்பிவிடும்.

பாதி வழியில் நின்றேன். நீர் வற்றியிருந்தது. பழுப்பு மணல், கடற்பாசி நாற்றம், தூரத்தில் ஒரு நாரை. நேற்றுத் தேநீர் கொடுத்த பெரியவர், தன் அம்மா கல்யாணமாகி வந்தது இந்த மணல் வழியாகத்தான் என்றார். வண்டிச் சக்கரம் பாதிவரை தண்ணீரில் மூழ்கியதாம். அந்தப் பெண் எந்த இடத்தில் திரும்பித் தன் தீவைப் பார்த்திருப்பாள்? சாலையோரம் நீர்நாய் கடக்கும் என்று எச்சரிக்கும் பலகை. பின்னால் வந்த பால் வண்டிக்காக ஒதுங்குமிடத்தில் ஒதுங்கினேன். ஓட்டியவர் கையை உயர்த்திவிட்டுப் போனார்.

ஜூன் 13, ஹாரிஸ் நீரிணை

பெர்னரேயிலிருந்து லெவர்பரோவுக்குக் கப்பல். இங்கே கல் கொட்டவில்லை. பாறைகளுக்கு நடுவே மிதவைகளைப் பார்த்து வலமும் இடமுமாக வளைந்து வளைந்து ஒரு மணி நேரம் போகிறது. சைக்கிளைக் கயிற்றால் கட்டிய இடத்துக்குப் பக்கத்தில் ஒரு கால்நடை வண்டி. பக்கவாட்டு இடுக்கில் ஈர மூக்கொன்று நீண்டு என் பையை மோந்தது. கையை நீட்டினேன். உப்பு படிந்திருந்த விரல்களை, கரை வரும்வரை நக்கிக்கொண்டிருந்தது.