பைரவரின் வாகனமும் நம் கடமையும்

தேய்பிறை அஷ்டமியன்று புதுச்சேரியின் சிவாலயங்களில் பைரவர் சந்நிதி முன் மிளகு தீபங்கள் ஒளிர்கின்றன. பெருமானை வணங்கும் பெரியோர், அவர் வாகனமாகிய நாயையும் கைகூப்பித் தொழுகின்றனர். வீதிக்கு வந்தாலோ, அதே வடிவம் எலும்பும் தோலுமாய்ப் பெரிய வாய்க்கால் ஓரத்தில் சுருண்டு கிடக்கிறது. அதற்கு ஒரு பிடி சோறிடுவது புண்ணியமே. ஆயினும் கருணை சோற்றோடு நின்றுவிடலாமா?

நாயின் கருக்காலம் ஏறத்தாழ 63 நாட்கள். ஆண்டுக்கு இருமுறை ஈனக்கூடும். ஓர் ஈற்றில் நான்கைந்து குட்டிகள் பிறப்பது இயல்பு. அவற்றுள் பல பட்டினியாலும் நோயாலும் வண்டிச் சக்கரத்தாலும் மடிகின்றன.

கொன்று குறைக்கலாம் என்று எண்ணிய காலமும் உண்டு. சென்னை மாநகராட்சி நெடுங்காலம் அவ்வாறே செய்தது, தொல்லை தீரவில்லை. ஓரிடம் காலியானால், அங்குள்ள எச்சில் உணவைத் தேடி வேற்றிடத்து நாய்கள் வந்து சேரும். கேப்டன் வி. சுந்தரம் 1959-இல் தோற்றுவித்த புளூ கிராஸ் அமைப்பு, 1964 முதல் கருத்தடையை மாற்று வழியாக முன்வைத்தது. 1996-இல் மாநகராட்சியும் அதற்கு இசைந்தது.

கொல்லாக் காப்பகங்கள் இவ்வழியையே பின்பற்றுகின்றன. நாயைப் பிடித்துக் கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி இட்டு, அடையாளமாகக் காது நுனியைச் சிறிது கத்தரித்து, புண் ஆறியபின் அதன் தெருவிலேயே விடுகின்றனர். 2023-இல் நடுவண் அரசு வகுத்த விதிகள் இப்பொறுப்பை உள்ளாட்சிகளிடம் அளித்துள்ளன. கருத்தடையின்றி அடைக்கலம் மட்டும் தந்தால், எத்தனை கொட்டில் கட்டினாலும் அவை நிரம்பிவிடும்.

இங்கேதான் முதியோரின் உதவி தேவைப்படுகிறது. வலையைக் கண்டு ஓடும் நாய், நாள்தோறும் சோறிடும் கையை நம்பி வரும். ஆகவே, காது வெட்டப்படாத நாய் எதுவென அறிந்து, காப்பகத்தாரிடம் ஒப்படைக்க வல்லவர் சோறிடுபவரே. கோவில் வாசலிலும் குழந்தைகள் விளையாடும் இடத்திலும் உணவிடாமல், ஒதுக்குப்புறமாக இடுவது எல்லோர்க்கும் நலம். எவரையேனும் நாய் கடித்தால், காயத்தைச் சோப்பிட்டு 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் சென்று தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும்.

தம்மைத் தொடர்ந்து வந்த நாயைக் கைவிட்டுச் சொர்க்கம் புகத் தருமபுத்திரர் இசையவில்லை. அடைந்ததைக் காப்பது அறம். பிறந்து வாடப்போகும் உயிர்கள் பிறவாமல் தடுப்பதும் அந்த அறத்தின் பாற்பட்டதே.