வில்லன் சைடு டிஷ் தான் மக்கா!

எடை குறைக்கணும்னு வாயைத் தொறந்தாலே ஆளாளுக்குச் சொல்ற முதல் அட்வைஸ், "மொதல்ல சரக்கை விடு மாப்ளே". சும்மா சொல்லலை. ஒரு கிராம் சர்க்கரையில 4 கலோரி, கொழுப்புல 9, ஆல்கஹால்ல 7. ஒரு லார்ஜ், அதாவது 60 மில்லி விஸ்கி, கிட்டத்தட்ட 140 கலோரி. போதாக்குறைக்கு ஆல்கஹாலைச் சேமிச்சு வைக்க உடம்புக்கு வழி கிடையாது. அதை எரிச்சு முடிக்கிற வரைக்கும் தொப்பை க்யூவுல நிக்கணும்.

ஆனா கணக்கை முழுசாப் போடுங்க. ரெண்டு லார்ஜ் 280. கூட ஊத்துற 300 மில்லி கோலாவுல 120க்கு மேல. அப்புறம் சிக்கன் 65, மிக்சர், டபுள் ஆம்லெட், கிளம்புறப்ப "லைட்டா" ஒரு பிரியாணி. இதுங்களுக்கு முன்னால சரக்கு அப்பாவி :-)

அதுக்காக வெள்ளிக்கிழமை ஜமாவை விட்டுட முடியுமா? ஆபீஸ்ல நிமிந்து பாக்காம பொட்டி தட்டுறோம். நண்பன் ஒருத்தன் அவங்கப்பாவுக்கு டயாலிசிஸ் ஆரம்பிச்சிருக்கிறதைச் சொன்னது அந்த மேஜையிலதான். அஞ்சு நாளும் பக்கத்து சீட்டுல இருக்கிறவன்!

அதனால நம்ம பார்முலா: கிளம்புறதுக்கு முன்னாடி வீட்டுலயே நாலு இட்லி. ரெண்டு லார்ஜோட ஸ்டாப். கோலாவுக்குப் பதில் வெறும் சோடா, கலோரி சைபர். தொட்டுக்க வெள்ளரிக்காய், சுண்டல். பைக் வீட்டுல, போக வர ஆட்டோ. மூணு மாசத்துல 4 கிலோ அவுட்.

குடிக்காத மக்கள்ஸ், இதைப் படிச்சுட்டு ஆரம்பிச்சுடாதீங்க. லெமன் சோடாவோட வந்தாலும் அந்த மேஜையில இடம் உண்டு. சுண்டல் மட்டும் பங்கு தரணும் :-)