கும்பார்வாடாவில் ஒரு பழந்தொட்டிக் கடை

மாதுங்காவிலும் செம்பூரிலும் வாழும் நம்மவரிற் பலருக்குத் தாராவி என்றவுடன் தோல் தொழிலும், இட்டிலிக் கூடைகளும், உறவினர் வீட்டுக் கல்யாணமுமே நினைவுக்கு வரும். அதே தாராவியின் ஒரு கோடியில், சுமார் 12 ஏக்கர் நிலத்தில், ஆயிரத்திற்கும் மேற்பட்ட குயவர் குடும்பங்கள் குடியிருக்கின்றன. அப்பகுதிக்குக் கும்பார்வாடா என்று பெயர். அகல் விளக்கு வாங்குவதற்காகத் தீபாவளிக்கும் கார்த்திகைக்கும் எட்டிப் பார்ப்போம். மற்ற நாட்களில் அவ்வழியே போவதில்லை. மாடி முகப்பில் நாலு தொட்டி வைத்துத் துளசியும் கறிவேப்பிலையும் வளர்க்கும் அன்பர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் செலவிட்டு அங்கே சென்று வருவது தகும்.

மாதுங்காவிலிருந்து சயான் அடுத்த ஸ்டேஷன்தான். செம்பூர் அன்பர்கள் குர்லாவில் வண்டி மாற வேண்டும். சயானில் மேற்குப் புறம் இறங்கி 90 அடிச் சாலையை விசாரித்துக்கொண்டு நடக்கவேண்டும். பெயரிலுள்ள அகலம் அச்சாலையில் எனக்கு எங்கும் அகப்படவில்லை என்பது வேறு விஷயம். சிறிது தூரம் போனதும் ஓரங்களில் அடுக்கியிருக்கும் பானைகளே வழி காட்டும்.

இக்குயவர்கள் சௌராஷ்டிரத்தினின்றும் வந்தவர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பஞ்சம் விரட்டப் பம்பாய்க்கு வந்து, முதலில் நகரின் தென்பகுதியில் சூளை வைத்தனர். நகரம் வளர வளர இடம்பெயர்க்கப்பட்டு, 1930-களில் இங்கே நிலைத்தனர். திருநெல்வேலிச் சீமையிலிருந்து நம்மவர் தோல் பதனிட வந்ததும் அதே பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான். நாற்றம் ஆகாதென்று ஒரு தொழிலும், புகை ஆகாதென்று மற்றொரு தொழிலும் ஊர்ப்புறத்திற்கு வந்து சேர்ந்தன. அன்றைய ஊர்ப்புறம் இன்று நகரின் நடு மையமாகிவிட்டது. தோல் பதனிடும் சாலைகள் தேவனாருக்குப் போய்விட்டன. சூளைகள் மட்டும் நின்றன.

உள்ளே நுழைந்தால் எதிரெதிராக இரண்டு வரிசை வீடுகள்; நடுவே முற்றம்; முற்றத்தில் சூளை. வீட்டின் முகப்பு கடை, நடுக்கூடம் தொழிற்சாலை, பின்கட்டும் பரணும் குடித்தனம். சூளை ஒருவருக்கே உரியதன்று. அண்டை வீட்டார் முறைவைத்துச் சுடுகிறார்கள். களிமண் லாரியில் வருகிறது. எரிப்பது பெரும்பாலும் தையற்கூடங்களில் கழிந்த துணியும் பஞ்சும். புகை கண்ணைக் கரிக்கும். சக்கரம் இப்போது மின்சாரத்தில் சுழல்கிறது. அதில் அமர்பவர் பெரும்பாலும் ஆண். மண்ணைச் சலித்துப் பிசைவது, வெயில் போகுமிடமெல்லாம் பச்சைப் பானைகளை மாற்றி வைப்பது, சூளை அடுக்கக் கைகொடுப்பது, வர்ணம் தீட்டுவது, வாசலில் அமர்ந்து விற்பது ஆகிய இவ்வளவும் பெரும்பாலும் பெண்களின் பங்கு. பெரிய புராணத்துத் திருநீலகண்டர் தில்லையில் வாழ்ந்த குயவர். அவரும் மனைவியாரும் ஊடலால் ஒருவரையொருவர் தீண்டாமலே ஒரே வீட்டில் முதுமை வரை வாழ்ந்தனர் என்பது வரலாறு. அத்தனை ஆண்டுகளும் அவ்வீட்டில் மண் பிசைந்தது யார் என்ற ஐயம் எனக்கு நெடுநாளாக உண்டு. கும்பார்வாடாவைக் கண்ட பின்பு ஐயம் தீர்ந்தது.

நான் சொல்ல வந்தது அங்கே பூந்தொட்டி விற்கும் ஒரு தம்பதியைப் பற்றி. மூன்றாண்டுகளாகப் பழக்கம். குஜராத்தியில் தமக்கையைப் ‘பென்’ என்பார்கள். நானும் என் மனைவியும் அவ்வம்மையாரை அவ்வாறே அழைக்கிறோம். கணவரைப் ‘பாயி’ என்போம். அவர் தொட்டி வனைகிறார். இவர் கடை நடத்துகிறார். கடையின் இடப்புறம் புதுத் தொட்டிகள் செக்கச் சிவந்து நிற்கும். வலப்புறத்து மூலையில் பாசி படர்ந்தும், வெள்ளை உப்புப் பூத்தும், விளிம்பு தேய்ந்தும் சில பழந்தொட்டிகள் இருக்கும். அம்மூலை பென்னின் சொந்த வியாபாரம்.

அவை வருமிடம் நமக்கு மிக அருகில் உள்ளது. 1896-ஆம் ஆண்டில் பிளேக் நோய் பரவிய பின்பு, 1898-இல் அமைக்கப்பட்ட பம்பாய் இம்ப்ரூவ்மெண்ட் டிரஸ்ட் வகுத்த மனைகளிலே எழுந்தவை தாதர், மாதுங்காப் பகுதியின் பழைய மூன்று மாடி வீடுகள். இப்போது அவை ஒவ்வொன்றாக இடிந்து கோபுரக் கட்டடங்களுக்கு வழிவிடுகின்றன. இடிக்குமுன் மரக்கதவுக்கும் இரும்புக் கிராதிக்கும் ஆள் வந்துவிடுவான், தொட்டிகளைச் சீண்டுவாரில்லை. காவற்காரனுக்குச் சிறிது கொடுத்துப் பென் அவற்றைக் கைவண்டியில் ஏற்றி வந்துவிடுவார். மண்ணைக் கொட்டி, வேர்களை நீக்கி, வெறும் நீரில் அலசுவார், பாசியைத் தேய்க்கமாட்டார். வேக வைத்த மண் நுண்துளை உடையது. நீரில் கரைந்த உப்பு சுவர் வழியே கசிந்து வெளியே பூக்கும். அப்பூப்பைத்தான் பணக்காரர் விலை கொடுத்து வாங்குகிறார்கள். புதுத் தொட்டி 80 ரூபாய் என்றால் பழையது 250.

பாயிக்கு இது பொறுக்கவில்லை. “நான் இன்று செய்ததைவிடக் குப்பையில் கிடந்ததற்கு விலை அதிகமா?” என்று எங்கள் எதிரிலேயே கடிந்துகொண்டார். பென் பதில் சொல்லாமல் ஒரு தொட்டியைக் கவிழ்த்து விளிம்பின் அடிப்புறத்தைக் காட்டினார். அங்கே கட்டைவிரலால் அழுத்திய இரட்டைப் பள்ளம் ஒன்றிருந்தது. அது பாயியின் தந்தையார் கைப்பழக்கமாம். அறுபது ஆண்டுகளுக்கு முன் இவ்வாசலிலிருந்து தலைச்சுமையாக மாதுங்காவுக்குப் போனது, யாரோ ஒரு தமிழ்க் குடும்பத்தின் மாடியில் மல்லிகை தாங்கி, திரும்பி வந்திருக்கிறது. பாயி அதை வாங்கித் துடைத்துப் பார்த்துவிட்டு உள்ளே கொண்டுபோனார். அந்த ஒன்றை மட்டும் விற்கக்கூடாதென்பது அவர் கட்டளை. பென்னுக்கு 250 ரூபாய் நஷ்டம்.

இதற்கெல்லாம் லைசென்ஸ் வேண்டாமா என்று என் மனைவி கேட்டாள். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருட் சட்டம் பொதுவாக 100 ஆண்டுக்குக் குறையாத பொருள்களையே தொல்பொருளாகக் கொள்கிறது. அவற்றை விற்கத்தான் உரிமம் வேண்டும். அறுபது வயதுத் தொட்டிக்கு அக்கவலை இல்லை.

வேறு கவலை இருக்கிறது. ஏறக்குறைய 600 ஏக்கர் கொண்ட தாராவியைப் புனரமைக்கும் திட்டத்தை மகாராஷ்டிர அரசு 2004-இல் கையிலெடுத்தது. பலமுறை தடைப்பட்டு, 2022-இல் அதானி குழுமம் ஏலத்தில் வென்றது. 2000-ஆம் ஆண்டு ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் வசித்துத் தகுதி பெறும் குடும்பங்களுக்கு 350 சதுர அடி வீடு என்று அறிவித்திருக்கிறார்கள். நம்மவருள் பலர் அதை வரவேற்கிறார்கள்; மழைக்கு ஒழுகாத கூரையும் வீட்டுக்குள்ளே குழாயும் சிறிய விஷயங்களல்ல. கும்பார்வாடாவிலும் ஒருமித்த கருத்தில்லை. பாயியே புகையை வெறுக்கிறார். “என் நெஞ்சு இருமிக் கெட்டது போதும், கேஸ் சூளை வைக்க இடம் கொடுத்தால் நாளைக்கே போய்விடுவேன்” என்றார்.

நாளெல்லாம் படிவங்களோடு வாழும் குமாஸ்தா நான். வசிப்பிடத்திற்கு ஒரு கட்டம், வணிகத்திற்கு மற்றொரு கட்டம் என்று கோடு கிழித்தால் இவ்வீடு எதனுள்ளும் அடங்காது. குடித்தனத்திலிருந்து எட்டு அடியில் சக்கரம், சக்கரத்திலிருந்து பத்து அடியில் சூளை, இரண்டுக்கும் நடுவே வெயில் விழும் முற்றம். இவற்றில் ஒன்றைப் பிரித்தாலும் மற்றவை நடவா. இன்னொன்றும் கவனித்தேன். அவர்களிடம் உள்ள காகிதங்கள் யாவும் மாமனார் பெயரிலோ பாயி பெயரிலோ இருக்கின்றன. பென்னின் பெயர் ரேஷன் கார்டில் மட்டும்.

“மேல் மாடியில் வீடு கொடுத்தால் மண்ணை லிப்டிலா ஏற்றுவது?” என்று சிரித்துக்கொண்டே தொடங்கிய பென், பிறகு சிரிக்கவில்லை. “கடை போனாலும் அவருக்குக் கை இருக்கிறது, வேறு எங்காவது கூலிக்குச் சக்கரம் சுற்றுவார். அடுப்பையும் பார்த்துக்கொண்டு வியாபாரமும் செய்ய எனக்கு இந்த வாசற்படி ஒன்றுதான் உண்டு” என்றார். பாயி அதைக் கேட்டும் கேளாதவர்போல் மண்ணை நனைத்துக்கொண்டிருந்தார்.

செல்ல விரும்பும் அன்பர்கள் தீபாவளிக்கு முந்திய இரண்டு வாரங்களைத் தவிர்க்க. அப்போது பேசுவதற்கு யாருக்கும் நேரமிராது. தொட்டியை விரலால் சுண்டினால் கணீரென்று ஒலிக்கவேண்டும்; மந்தமாக ஒலித்தால் கீறல் உண்டு. புதுத் தொட்டியை ஓர் இரவு நீரில் ஊறவைத்த பிறகே செடி நடுக. இல்லையேல் செடிக்கு ஊற்றும் நீரைத் தொட்டியே குடித்துவிடும். பழந்தொட்டி வேண்டுவோர் பென்னிடமே கேட்கவேண்டும். பாயியிடம் கேட்டால் இல்லையென்று சொல்லிப் புதியதொன்றைக் கையில் கொடுத்துவிடுவார்.