பாட்டியின் நோட்டுப் புத்தகமும் பேத்தியின் பனிச்சறுக்கும்

கோடை வந்துவிட்டால் எங்கள் ஊர் பெயர் தினமும் டி.வி.யில் வரும். முருகனுக்கு விசேஷம் என்று நினைத்துவிடாதீர்கள். "இன்று 100 டிகிரியைத் தாண்டிய இடங்கள்" என்று செய்தி வாசிக்கும்போது, வேலூருக்குப் பக்கத்திலேயே திருத்தணியும் வந்து உட்கார்ந்துகொள்ளும். அப்படி ஒரு மே மாத மதியம். ஜன்னலில் ஈரத்துணியைத் தொங்கவிட்டு, ஃபேனுக்குக் கீழே நானும் மகளும் மாமியாரும் வரிசையாகப் படுத்திருந்தோம். மகள் செல்போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

வெள்ளை வெளேரென்று ஒரு மலைச்சரிவு. ஓரத்தில் தேவதாரு மரங்கள். கால்களில் நீளப் பலகையைக் கட்டிக்கொண்டு ஒரு பெண் சர்ரென்று சறுக்கி வருகிறாள்.

"எங்கடி இது, சுவிட்சர்லாந்தா?"

"இந்தியாதாம்மா. ஔலி. உத்தரகாண்ட்ல இருக்கு. அரசு சுற்றுலாக் கழகமே ஏழு நாள், பதினாலு நாள்னு பனிச்சறுக்கு கிளாஸ் நடத்துது. எனக்குப் போகணும்மா."

எல்லா அம்மாவும் சொல்வதை நானும் சொன்னேன். "முதல்ல செமஸ்டரை முடி."

பக்கத்தில் படுத்திருந்த அத்தை கண்ணைத் திறக்காமலே கேட்டார். "உத்தரகாண்டா? பத்ரி இருக்கிற பக்கமா?"

அவ்வளவுதான். அன்றைக்கு ஆரம்பித்த திட்டம், எட்டு மாதமாக வீட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது.

அத்தையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வாக்கப்பட்டது முருகன் ஊரில் என்றாலும், பிறந்தது திருவள்ளூரில், வீரராகவப் பெருமாள் கோயில் தெருவில். 108 திவ்ய தேசங்களையும் எழுதி வைத்த ஒரு பழைய நோட்டு அவரிடம் உண்டு. போய் வந்த ஊருக்கு நேராகத் தேதி எழுதி ஒரு டிக். பூமியில் தரிசிக்கக்கூடியவை 106. அதில் அவர் 81 முடித்திருக்கிறார். வடக்கே பாக்கி இருப்பவற்றில் மூன்று ஒரே சாலையில் வருகின்றன. பெரியாழ்வார் பாடிய கண்டமென்னும் கடிநகர் என்கிற தேவப்பிரயாகை, திருமங்கையாழ்வார் பாடிய திருப்பிரிதி, அதற்கும் மேலே பத்ரி. திருப்பிரிதி என்று வைணவர்கள் பலரும் வணங்குவது ஜோஷிமட் ஊரைத்தான். ஔலிக்குப் போகிறவர்கள் தங்கிச் செல்லும் ஊரும் அதே ஜோஷிமட்தான்!

"குளிர்காலத்துல பத்ரி மூடியிருக்குமே அத்தை" என்றேன்.

"கோயில்தானே மூடியிருக்கும்? அந்த ஆறு மாசம் பத்ரி பெருமாளுக்கு ஜோஷிமட் நரசிம்மர் கோயில்லதான் பூஜை. எனக்குத் தெரியாதா?"

பேத்திக்குப் பனி, பாட்டிக்குப் பெருமாள். சீட்டு எடுத்த பணம் 1,20,000 ரூபாய் கையில் இருந்தது. எங்கள் வீட்டில் இதுவரை போன பயணமெல்லாம் கோயில் பயணம்தான். பொழுதுபோக்குக்கு என்று டிக்கெட் எடுத்ததே இல்லை. இதில் இரண்டும் இருக்கிறதே என்று எனக்கும் ஆசை வந்துவிட்டது.

ஆனால் ஜோஷிமட் என்று போனில் தட்டியதும் முதலில் வந்தது கோயில் படம் இல்லை. விரிசல் விட்ட சுவர்கள்.

2023 ஜனவரியில் அந்த ஊரே செய்தியானது நினைவிருக்கலாம். நூற்றுக்கணக்கான வீடுகளில் சுவரும் தரையும் பிளந்தன. குடும்பங்கள் கடும் குளிரில் முகாம்களுக்கு மாறின. ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்துகொண்டிருந்த இரண்டு ஹோட்டல்களை இடிக்க வேண்டியதாயிற்று. ஊருக்கும் ஔலிக்கும் நடுவே சுமார் 4 கி.மீ. தூரம் ஓடிக்கொண்டிருந்த ரோப் காரும் அப்போதுதான் நின்றது.

இது திடீரென்று வந்ததும் அல்ல. 1976-லேயே மிஸ்ரா குழு ஓர் அறிக்கை கொடுத்திருக்கிறது. இந்த ஊர் கெட்டிப் பாறை மேல் இல்லை, பழைய நிலச்சரிவு கொண்டுவந்து கொட்டிய மண் மேல் உட்கார்ந்திருக்கிறது, இங்கே கனமான கட்டடங்கள் கூடாது, சரிவில் உள்ள பெரிய கற்களைத் தோண்டவோ வெடி வைத்து உடைக்கவோ கூடாது, மரங்களை வெட்டக் கூடாது என்று அதில் எச்சரித்திருந்தார்கள். அதற்குப் பிறகும் அடுக்கடுக்காகக் கட்டடங்கள் எழும்பின. சரியான வடிகால் இல்லாமல் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கியது. மலையைக் குடையும் வேலைகளையும் ஊர் மக்கள் காரணமாகச் சொல்கிறார்கள்.

இதையெல்லாம் மகள் வாசித்துக் காட்ட, அத்தை மௌனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, எப்போதோ உபன்யாசத்தில் கேட்ட கதையைச் சொன்னார். ஜோஷிமட் நரசிம்மரின் ஒரு கை வருஷத்துக்கு வருஷம் மெலிந்துகொண்டே வருகிறதாம். அது ஒடிந்து விழும் நாளில் மலைகள் சரிந்து பத்ரி போகும் வழி அடைபட்டுவிடுமாம். பெருமாள் அதன்பிறகு பவிஷ்ய பத்ரி என்ற இடத்துக்குப் போய்விடுவாராம். சொல்லிவிட்டு அத்தை கேட்ட கேள்விதான் என்னைத் தைத்தது.

"பெருமாளுக்கு வேற இடம் இருக்கு. வீடு போனவங்க எங்க இருக்காங்களாம்?"

அதன்பிறகு ஒரு மாதம் பயணப் பேச்சையே எடுக்கவில்லை. அமிழ்ந்துகொண்டிருக்கும் ஊருக்கு வேடிக்கை பார்க்கப் போவதா? நம் பாரத்தையும் அதன் மேல் ஏற்றுவதா? வீட்டுக்காரர், "பேசாம ஊட்டிக்குப் போயிட்டு வாங்க" என்றார். மகள் முகம் சுருங்கிவிட்டது.

ஔலிக்குக் கீழே ஒரு கிராமத்தில் வீட்டிலேயே அறை வாடகைக்கு விடும் ஓர் அம்மாவின் எண் கிடைத்தது. வீட்டில் தமிழ், கடைவீதியில் தெலுங்கு என்று இரண்டு மொழியில் பிழைக்கும் ஊர் எங்களுடையது. ஆனால் இந்தி சுத்தமாக வராது. மகளுக்கு மட்டும் என்.சி.சி. முகாமில் கற்றுக்கொண்ட இந்தி கொஞ்சம் உண்டு. ஸ்பீக்கரில் போட்டுப் பேசினாள்.

"உங்க ஊருக்கு வரலாமா, வரக் கூடாதா? உண்மையைச் சொல்லுங்க" என்று கேட்கச் சொன்னேன்.

அந்த அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னதை மகள் மொழிபெயர்த்தாள். "என் வீடு நல்லா இருக்கு. என் தங்கச்சி வீட்டுல விரிசல். டவுன்ல நிறைய பேர் அப்படித்தான் பயந்துக்கிட்டே இருக்காங்க. நீங்க வரலைன்னா சுவர் சேர்ந்துடப் போறதில்ல. எங்க வருமானம்தான் போகும். வாங்க. ஆனா மழைக்காலத்துல வராதீங்க. ராத்திரியில மலைப்பாதையில வராதீங்க. பெரிய ஹோட்டல் வேணும்னு கேட்காதீங்க."

அந்தக் கடைசி வரிதான் எங்கள் திட்டத்துக்கு அஸ்திவாரம்.

அடுத்த கேள்வி, பனி விழுமா? சிரித்துக்கொண்டே, "அதை மலையைத்தான் கேட்கணும்" என்றார். விளையாட்டாகச் சொல்லவில்லை. 2024 ஜனவரியில் காஷ்மீரின் குல்மார்க்கிலும் ஔலியிலும் பனியே இல்லாமல் சரிவுகள் காய்ந்து கிடந்தன. பனி பொய்த்ததால் ஔலியில் போட்டிகளையே ரத்து செய்த ஆண்டுகளும் உண்டு. இத்தனைக்கும் 2011-ல் தெற்காசிய குளிர்கால விளையாட்டுப் போட்டி நடந்த இடம் அது. செயற்கையாகப் பனி தூவும் இயந்திரங்கள் வாங்கி வைத்திருக்கிறார்கள். ஆனால் அவை வேலை செய்யவும் நல்ல குளிர் வேண்டும். வானம் பார்த்த பூமி என்று நம் பக்கம் விவசாயத்துக்குச் சொல்வோம். பனிச்சறுக்கும் அப்படித்தான் போலிருக்கிறது.

அதனால் பனி விழுந்தால் லாபம், விழாவிட்டால் நஷ்டமில்லை என்கிற மாதிரி திட்டம் போட்டோம். பனி இல்லையென்றாலும், ஔலியில் நின்றால் 7,816 மீட்டர் நந்தாதேவி சிகரம் எதிரே தெரியுமாம். அது எங்கேயும் போய்விடாது.

இடையில் அத்தையை டாக்டரிடம் அழைத்துப் போனோம். வயது 76, பிரஷர், ஒரு முழங்காலில் ஆபரேஷன். டாக்டர் வரைபடத்தைப் பார்த்தார். ஜோஷிமட் சுமார் 1,900 மீட்டர் உயரம்தான், நம் ஊட்டியைவிடத் தாழ்வு. "உயரம்கூடப் பரவாயில்லம்மா. பூஜ்யத்துக்குக் கீழே போற ராத்திரிக் குளிரும், ரிஷிகேஷ்லேர்ந்து 250 கிலோமீட்டர் மலை வளைவும் இந்த வயசுல வேண்டாம். தேவப்பிரயாகை வரைக்கும் கூட்டிட்டுப் போங்க."

"365 படியை நின்னு மூச்சு வாங்காம ஏறினவ நான்" என்றார் அத்தை. டாக்டர் மசியவில்லை.

முருகன் சினம் தணிந்த ஊர் என்பதால்தான் இது தணிகை. இங்கே சூரசம்ஹாரம்கூடக் கிடையாது, சஷ்டிக்குப் புஷ்பாஞ்சலிதான். அந்த ஊரில் இருந்துகொண்டு அத்தையின் கோபம் இரண்டு நாள் தணியவில்லை. "சோளிங்கர்ல 1,305 படி. ரோப் கார் வந்ததும் போயி நரசிம்மரைப் பார்த்துட்டு வரல? அங்கேயும் நரசிம்மர், ரோப் கார்தானே?" என்று வாதாடினார். அந்த ரோப் கார் நின்றுபோய்விட்டது, ஜோஷிமட்டிலிருந்து ஔலிக்கு மலைச்சாலையில் ஜீப்பில்தான் போக வேண்டும் என்று மகள் சொன்னதும் அடங்கிப்போனார். எனக்குத்தான் குற்ற உணர்ச்சி. நோட்டில் இருப்பது அவருடைய ஆசை. போகப்போவது நாங்கள்.

கடைசியில் வழி சொன்னது வீட்டுக்காரர். தினமும் சென்னைக்கு ரயிலில் போய் வருகிறவர். எந்தப் பயணத்தையும் இரண்டாக வெட்டி ஒட்டத் தெரிந்தவர்.

திட்டம் இதுதான். ஜனவரிக் கடைசியில், சென்னை சென்ட்ரலில் இரவு 10 மணிக்குத் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ். மூன்றாம் நாள் காலை டெல்லி. அங்கிருந்து ஹரித்துவார், ரிஷிகேஷ். ஒரு நாள் ஓய்வு. மறுநாள் நால்வரும் 70 கி.மீ. தூரத்தில் இருக்கும் தேவப்பிரயாகை. அலக்நந்தாவும் பாகீரதியும் சேர்ந்து கங்கை என்று பெயர் வாங்கும் இடம். அங்கே ரகுநாத்ஜி கோயில்தான் அத்தையின் 82-வது டிக். பிறகு அவரும் மகனும் ரிஷிகேஷுக்குத் திரும்பி கங்கைக் கரையில் இருப்பார்கள்.

நானும் மகளும் மேலே போவோம். பகலில் மட்டும் பயணம். முதல் இரவு ருத்ரப்பிரயாகையில். அந்தப் பக்கத்து மலை ஒன்றில் கார்த்திக் சுவாமி கோயில் இருக்கிறது. நம் முருகன்தான். உலகைச் சுற்றும் பந்தயக் கதையும் நம் பழனிக் கதையேதான். ஆனால் அங்கே அவர் கோபித்துக்கொண்டு ஆண்டியாக நிற்கவில்லை. தன் சதையையும் எலும்பையும் பெற்றோரிடமே கொடுத்துவிட்டார் என்கிறார்கள். திரும்பும்போது நேரமும் வானிலையும் அனுமதித்தால் பார்ப்போம். அடுத்த நாள் கர்ணப்பிரயாகை, நந்தப்பிரயாகை தாண்டி ஜோஷிமட். நரசிம்மரைச் சேவித்துவிட்டு அந்த அம்மா வீடு. மகளுக்கு ஏழு நாள் வகுப்பு. சாலை அடைபட்டால் சமாளிக்க இரண்டு நாள் கூடுதல். பூட்ஸ், பலகை, கோட்டு எல்லாம் அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும். உள்ளே போடும் தெர்மல் உடையும், இரண்டு ஜோடி கம்பளிக் காலுறையும் இங்கேயே வாங்கிவிட்டோம். 60 நாள் முன்பு, காலை 8 மணிக்கு முன்பதிவு திறந்ததும் மகள் டிக்கெட்டும் போட்டுவிட்டாள்.

வீட்டுக்காரர் துணையில்லாமல் நான் போகும் முதல் நீண்ட பயணம் இது. 48 வயதில் பனியில் வழுக்கி விழுந்து காலை ஒடித்துக்கொள்வேனோ என்ற பயமும் இருக்கிறது. சறுக்குவதற்குத் தொடையும் முழங்காலும் வலுவாக இருக்க வேண்டுமாம். அதற்கு எங்கள் ஊரைவிட நல்ல இடம் எது? இரண்டு மாதமாக விடியற்காலையில் நானும் மகளும் மலைப்படி ஏறி இறங்குகிறோம். முதல் வாரம் பாதியில் உட்கார்ந்துவிட்டேன். இப்போது 365-ஐயும் நிற்காமல் ஏறுகிறேன். டிசம்பர் 31 படித்திருவிழா அன்று, பஜனைக் கோஷ்டிகள் ஒவ்வொரு படியிலும் கற்பூரம் ஏற்றிப் பாடிக்கொண்டு ஏற, கூட்டத்தோடு கூட்டமாக நாங்களும் ஏறினோம். அத்தை ஆட்டோவில் மேலே வந்து எங்களுக்காகக் காத்திருந்தார்.

அன்றிரவு மகள் நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு, "பாட்டி, திருப்பிரிதிக்கு நான் போயிட்டு வந்ததும் உங்க பேர்ல டிக் போட்டுடறேன்" என்றாள்.

அத்தை நோட்டைப் பிடுங்கி மூடிவிட்டார். "நான் பார்க்காததுக்கு டிக் போடக் கூடாது. அந்த இடம் காலியாவே இருக்கட்டும். பத்ரி திறந்ததும் வெயில் காலத்துல பார்த்துக்கலாம்."

"சரி அத்தை, பிரசாதமாவது கொண்டு வரேன்" என்றேன்.

"அது கிடைச்சா கொண்டு வா. முதல்ல அந்த அம்மாவோட தங்கச்சி வீட்டுக்குப் போயி சுவர் எப்படி இருக்குன்னு பார்த்துட்டு வந்து எனக்குச் சொல்லு."

பெட்டியில் இன்னும் இடம் இருக்கிறது. அந்த அம்மாவுக்கு ஒரு கிலோ, தங்கைக்கு ஒரு கிலோ என்று காபித்தூளும் முறுக்கும் எடுத்து வைத்திருக்கிறேன்.