இரும்பில் எஞ்சிய காந்தம்

பலகைகளைக் கோணம் பிசகாமல் குறுக்கே அறுப்பதற்கென்று என் பட்டறையில் வைத்திருக்கும் மைட்டர் சா என்னும் மின்வாள், விசையை விட்ட மாத்திரத்தில் இரண்டு மூன்று விநாடிகளுக்குள் அடங்கிவிடுவதே வழக்கமாயிருக்க, சென்ற மழைக்காலத்தில் ஒரு நாள் மாலை, விசையை விட்ட பிறகும் பன்னிரண்டு விநாடிகள் வரையில் தன் போக்கிலே சுழன்றுகொண்டிருந்தது. மறு முறை ஒழுங்காக நின்றது. அதற்கடுத்த முறை நிற்கவில்லை. மரத்தை அறுக்கும் வேகத்திலோ மோட்டாரின் ஓசையிலோ யாதொரு குறையும் தென்படவில்லை.

இதை அற்ப விஷயமென்று நான் எண்ணவில்லை. பத்து அங்குல பிளேடு நிமிஷத்துக்கு 5,000 சுற்றுச் சுற்றும்போது அதன் பற்கள் மணிக்குச் சுமார் 240 கிலோமீட்டர் வேகத்தில் செல்லுகின்றன. அறுந்த துண்டை எடுக்க மூன்றாம் விநாடியில் நீளும்படி பல வருஷங்களாகப் பழகிவிட்ட கை, அன்றைக்கும் மூன்றாம் விநாடியிலேதான் நீளும். பிரேக்கே இல்லாத வாளைக் காட்டிலும், பிடித்தாலும் பிடிக்கும், பிடிக்காமலும் போகும் என்னும் பிரேக் உள்ள வாளே அபாயமானது என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

எனக்குத் தச்சு வேலை கற்பித்த பெரியவரிடம் சொன்னேன். "கார்பன் தேஞ்சிருக்கும் சார், மாத்திப் பாருங்க" என்றார். மோட்டாருக்குள் சுழலும் ஆர்மேச்சருக்கு மின்சாரத்தைக் கொடுக்கும் கரித்துண்டுகளைத்தான் தொழிலாளர்கள் கார்பன் என்கிறார்கள். அவை தேய்ந்திருந்தால் மோட்டார் அல்லவா முதலில் தடுமாற வேண்டும் என்று கேட்டேன். "ஓடுறதுக்கு அது போதும் சார், நிக்கிறதுக்குத்தான் பத்தாது" என்று சொல்லிவிட்டு இழைப்புளியைக் கையில் எடுத்துக்கொண்டார். காரணம் சொல்லாமல் அவர் சொன்ன அந்த வாக்கியமே என்னை இந்தத் தேடலில் இறக்கியது.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு யந்திரத்தைத் திறந்தேன். சைக்கிள் பிரேக்கில் இருப்பதுபோல் ரப்பர்க் கட்டையோ, ஸ்பிரிங்கோடு கூடிய தட்டோ இருக்குமென்று எதிர்பார்த்தவனுக்கு அங்கே பிரேக் என்று சொல்லத்தக்க ஓர் உறுப்பும் அகப்படவில்லை. சுவிட்சில் மட்டும் வழக்கத்துக்கு அதிகமாக ஒரு ஜோடி இணைப்பு முனைகள் இருந்தன. மோட்டார் காயில் கட்டும் கடைக்காரர் ஒருவர், ஓர் அட்டையின் பின்புறத்தில் படம் போட்டு இதை விளக்கினார். ஓடும்போது மின்சாரம் நிலையான காயிலின் வழியாகவும் ஆர்மேச்சரின் வழியாகவும் ஒரே தொடராகச் செல்லுகிறது. விசையை விட்டதும் சுவிட்ச், வீட்டு மின்சாரத்தைத் துண்டித்து, காயிலின் இரு முனைகளையும் தலைமாற்றி ஆர்மேச்சரோடு பிணைத்து ஒரு வளையமாக்கிவிடுகிறது. சுழற்சியின் உத்வேகத்தில் மோட்டாரே டைனமோவாக மாறுகிறது. அது பிறப்பிக்கும் மின்சாரம் அதன் சுழற்சியையே எதிர்த்து நிற்கிறது. தூண்டலால் பிறக்கும் மின்சாரம் தன்னைப் பிறப்பித்த இயக்கத்தை எதிர்க்கும் என்று லென்ஸ் என்னும் இயற்பியலறிஞர் 1834-இல் வெளியிட்ட விதியே, இங்கே பிளேடின் கழுத்தைப் பிடிக்கிறது. டிராம் வண்டிகளை நிறுத்தவும் வெகுகாலம் இந்த உபாயத்தைக் கையாண்டிருக்கிறார்கள்.

ஆனால் எனக்குச் சந்தேகம் தீரவில்லை. டைனமோவுக்குக் காந்தம் வேண்டும். இந்த மோட்டாரில் நிரந்தரக் காந்தம் கிடையாது. காயிலில் மின்சாரம் ஓடினால்தான் அதன் இரும்பு காந்தமாகும். மின்சாரத்தைத் துண்டித்த பிறகு அந்தக் காந்தம் எங்கிருந்து வருகிறது?

இதற்கு விடை தேடிப் பழைய மின்னியல் நூல்களைப் புரட்டியபோது 1867-ஆம் வருஷத்தில் போய் நின்றேன். அதற்கு முந்திய மின்னாக்கிகள் பெரும்பாலும் நிரந்தரக் காந்தங்களையே நம்பியிருந்தன. மின்சாரம் நின்ற பிறகும் மெல்லிரும்பில் காந்தத்தின் ஒரு சொற்ப மிச்சம் தங்கிவிடுகிறது என்பதையும், அந்த மிச்சம் பிறப்பிக்கும் மெல்லிய மின்சாரத்தை அந்த இரும்பைச் சுற்றிய காயிலுக்கே திருப்பிவிட்டால் காந்தமும் மின்சாரமும் ஒன்றையொன்று வளர்த்துக்கொண்டு க்ஷணத்தில் பெருகும் என்பதையும் விளக்கி ஜெர்மானியப் பொறியாளர் வெர்னர் சீமென்ஸ் எழுதிய கட்டுரை அவ்வாண்டு ஜனவரி 17 அன்று பெர்லின் அகாதமியில் சமர்ப்பிக்கப்பட்டது. பிப்ரவரி 14 அன்று லண்டன் ராயல் சொஸைட்டியில், அவருடைய சகோதரர் வில்லியமும் சார்ல்ஸ் வீட்ஸ்டனும் இதே தத்துவத்தைப் பற்றித் தனித்தனியே எழுதியவை ஒரே நாளில் வாசிக்கப்பட்டன. சாமுவேல் ஆல்பிரட் வார்லி என்பவரோ 1866 டிசம்பரிலேயே இதற்குப் பேடண்டுக்கு விண்ணப்பித்திருந்தார். மின்சார யுகத்தையே திறந்துவிட்ட அந்தக் கண்டுபிடிப்பு, என் பட்டறை மேஜையின்மேல், ஒரு வாளை நிறுத்தும் காரியத்தில் ஒவ்வொரு நாளும் நிகழ்ந்துகொண்டிருந்தது என்பதை உணர்ந்தபோது எனக்கு மெய் சிலிர்த்தது.

பெரியவரின் வாக்கியத்துக்கும் அப்போதே பொருள் விளங்கிற்று. ஓடும்போது கார்பனைத் தள்ளுவது 230 வோல்ட். அழுக்கோ, தேய்மானமோ, தளர்ந்த ஸ்பிரிங்கோ அதற்கு ஒரு பொருட்டன்று. பிரேக் தொடங்கும் முதல் கணத்திலோ எஞ்சிய காந்தம் பிறப்பிக்கும் மின்னழுத்தம் மிகச் சொற்பமானது. மெல்லிய கரிப்படலம் ஒன்றே அதை மறித்துவிடப் போதும். மறித்துவிட்டால் வளர்ச்சி தொடங்குவதில்லை. பிளேடு தானாக ஓயும்வரை சுழல்கிறது. கார்பனின் நோய் மோட்டாரின் ஓட்டத்தில் தெரிவதற்கு வெகு நாளைக்கு முன்பே பிரேக்கில் தெரிந்துவிடுகிறது.

ஆயினும் சுவிட்சையும் சோதிக்காமல் விடவில்லை. கார்பன்களைக் கழற்றிவிட்டு, அவை அமரும் இரு கூடுகளுக்கிடையே மீட்டரை வைத்தேன். விசை விடுபட்ட நிலையில் சில ஓம் மாத்திரமே காட்டியதால் சுவிட்சும் காயிலும் குற்றமற்றவை என்று தெரிந்தது. கார்பன்களில் ஒன்று பாதிக்குமேல் தேய்ந்து, மறுபக்கத்து ஸ்பிரிங் தளர்ந்திருந்தது. புதியவற்றைப் பூட்டியும் முதலில் பிரேக் பாதி தடவைதான் பிடித்தது. ஆர்மேச்சரோடு சுழலும் கம்யூட்டேட்டர் என்னும் செப்பு உருளையின்மீது புதுக் கார்பனின் தட்டை முகம் ஓரமாகவே படிந்திருந்ததுதான் காரணம். மரம் எதுவும் கொடுக்காமல் கால் மணி நேரம் ஓடவிட்டேன். அதன் பிறகு ஒரு முறையும் தவறவில்லை.

இங்கே சொல்லியது கார்பன் உள்ள யந்திரங்களுக்கே பொருந்தும். பெரிய மேஜை வாள்கள் பலவற்றில் உள்ள கார்பனற்ற இண்டக்ஷன் மோட்டார்களில், துண்டித்த பிறகு காயிலுக்குள் நேர் மின்சாரத்தைச் செலுத்தி நிறுத்துவது ஒரு முறை. மின்வெட்டு வந்தால் அந்தப் பிரேக் இல்லை. என் வாளில், விசையை விட்டால் மின்வெட்டிலும் பிரேக் பிடிக்கும். விசையை அழுத்தியபடியே இருந்தால் பிடிக்காது. மின்சாரம் போன கணத்தில் விரலை எடுத்துவிட வேண்டியது அதனால்தான். பிரேக் பிடிக்கும்போது பிளேடின் வேகம் அதன் திருகைத் தளர்த்தவே முயலும். ஆகவே பிளேடு மாற்றும்போதெல்லாம் திருகை நன்றாக இறுக்க வேண்டும்.

மின்வாள் வைத்திருக்கும் அன்பர்கள், விசையை விட்ட பின் பிளேடு நிற்க எத்தனை விநாடி ஆகிறதென்று இன்றைக்கே எண்ணிப் பட்டறைச் சுவரில் எழுதி வையுங்கள். அந்த எண் கூடியிருக்கக் கண்டால், பிளக்கைப் பிடுங்கிவிட்டு, முதலில் கார்பனைக் கழற்றிப் பாருங்கள்.